கைநடுக்கம் யாருக்கு?

2003 ஜனவரி 8, காலை ஆறரை மணி. பதினாறு பெண் தொழிலாளர்கள் ஏறி உட்கார்ந்த மில் வேனை எடுக்க ஓட்டுநர் இருளப்பன் மறுத்தார். கோவில்பட்டி சாலையில் வேகம் அறுபதைத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது என்றார்.

"டயர் புதுசு. வீல் பேலன்ஸும் பார்த்தாச்சு. நடுங்குறது உம்ம கைதான்யா," என்றார் மேலாளர் தண்டபாணி. கைநடுக்கம் என்று காரணம் போட்டு வேலைநீக்க உத்தரவையும் எழுதிவிட்டார். "வண்டியில கோளாறுன்னா, ஒரு நட்டைக்கூடக் கழத்தாம நிரூபியும்!"

"சரி ஐயா. உங்க கை நடுங்காத கை. காலி வண்டியை நீங்களே ஓட்டுங்க."

பெண்கள் இறங்கினார்கள். இருளப்பன் பக்கத்தில் உட்கார, தண்டபாணி ஓட்டினார். அறுபதில் அவர் கைக்கடிகாரம் கலகலவென்று ஆடியது.

"ஐயா, அந்த உத்தரவுல உங்க பேரையும் சேத்துரலாமா?"

தண்டபாணி வண்டியை ஓரங்கட்டினார். இருளப்பன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். டொக் டொக் என்றது.

"சக்கரத்தைப் பிடிச்சிருக்குற பால் ஜாயின்ட் தேஞ்சு போச்சு. இது கழண்டா சக்கரம் தனி, சனம் தனி."

தண்டபாணி உத்தரவைக் கிழித்தார்.

2011 ஜூன் 30 அன்று இருளப்பன் ஓய்வு பெற்றார். அவருடைய பணிப்பதிவேட்டில் விபத்துக்கான பக்கம் காலியாக இருந்தது.