செய்தவர் பேசக் கூடாது

குளிர் நாடு ஒன்றின் கலைப் பல்கலைக்கழகத்தில் துஷ்யந்தி என்றொரு ஆசிரியை இருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. அவளிடம் டிசைன் படிக்க வந்தவன் செங்கோடன், திருச்செங்கோட்டுக்காரன். இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். இருந்தாலும் படிக்க வந்தவன் படிக்க வந்தவன்தானே. அவன் அவளை மேடம் என்றான். அவள் அவனை நீங்கள் என்றாள்.

செங்கோடன் ஊரில் பேனர் கடை வைத்திருந்தவன். காதுகுத்து, கல்யாணம், சாவு எதுவானாலும் அவன் கையால்தான் பேனர். ஒரு முகம் விட்டுப்போனால் மாமன் மச்சானுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்பது அவனுக்கு அத்துப்படி. பெரியவர் படம் நடுவில். சுற்றிலும் பேரன் பேத்தி வரை அத்தனை முகங்கள். மிஞ்சிய இடத்தில் பூ, புறா, குத்துவிளக்கு. விரல் வைக்க இடமிருக்காது.

இந்தத் தொழிலை உலகம் எப்படிச் செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் வரும் ஆசைக்கு மருந்து கிடையாது. கடையைக் கூட்டாளி மாரப்பனிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினான். அப்பன் மட்டும் விமான நிலையம் வரை வந்தார். "நல்லாப் படிச்சுட்டு வா கண்ணு" என்றார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செய்த வேலையைக் கொண்டுவந்து வகுப்பின் வெள்ளைச் சுவரில் குத்திவைக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்துப் பேசுவார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது. தலையாட்டவும் கூடாது.

முதல் முறை செங்கோடன் குத்திய படத்தைப் பார்த்து வகுப்பே மரியாதையாகப் புன்னகைத்தது. அந்த மரியாதைதான் அவனுக்கு வலித்தது.

துஷ்யந்தி கிட்டே வந்து பார்த்தாள்.

"ஏன் இப்பிடி நிரப்புறீங்கள்? இடம் விடுங்கோ. வெள்ளையாய் விடுங்கோ."

அவன் விடப் பழகினான். முதலில் புறா போயிற்று. பிறகு பூ போயிற்று. பிறகு ஒவ்வொரு முகமாகப் போயிற்று. ஒரு நாள் அவன் குத்திய தாளுக்கு வகுப்பு முழுவதும் கை தட்டியது. அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பனைக் கூப்பிட்டுச் சொன்னான். எதற்குக் கை தட்டினார்கள் என்று புரியாவிட்டாலும் அவரும் சந்தோஷப்பட்டார்.

மாசியில் அப்பன் செத்துப்போனார். செங்கோடனின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கும் அலுவலகத்தில் கிடந்தது. கெஞ்சிப் பார்த்தான். அழுதும் பார்த்தான். வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு மத்தியானம் ஆசிரியையின் அறைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். கண் சிவந்திருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கோணுங்க."

"இருங்கோ. கேளுங்கோ."

"இடம் விடோணும்னு சொல்லிக் குடுத்தீங்க. அது சரிங்களா, தப்புங்களா?"

"என்ன நடந்தது?"

"எங்கப்பனுக்குக் கொள்ளி வெக்கப் போக முடியலைங்க. பேனராவது நான் செய்யறேன்னு மாரப்பன்கிட்டச் சொன்னேன். ஊர்ல அத்தனை பேர்த்து சாவுக்கும் செஞ்ச கையாச்சே. அன்னைக்கே செஞ்சு அனுப்பிச்சேன். கீழ ஒரு மூலையில அப்பன் முகம், சின்னதா. பேரு ஒரே வரி. மீதி பூராவும் வெள்ளை."

"பிறகு?"

"மாரப்பன் போன் பண்ணி, ஃபைல் பாதிதான் வந்திருக்குதுன்னான். அவ்வளவுதான்டா, அப்படியே அடின்னேன். தெருமுக்குல கட்டியிருக்கறாங்க. எழவுக்கு வந்தவங்க அதைப் பாத்துப்போட்டு அம்மாகிட்ட, ஏனுங்க, உங்களுக்குச் சொந்தபந்தம்னு ஒருத்தருமே இல்லீங்களான்னு கேட்டிருக்கறாங்க. அனாதைப் பொணத்துக்கு வெச்ச மாதிரி இருக்குதுன்னாங்களாம்."

துஷ்யந்தி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"அம்மா என்ன சொன்னவா?"

"'உங்கப்பனுக்கு ஒரு நாதியுமில்லைன்னு ஊருக்கே எழுதி வெச்சுட்டயே சாமி'ன்னாங்க. போனை வெச்சவங்கதான். அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கறதே இல்லைங்க."

"அந்த பேனர்?"

"எங்க சித்தப்பன் கழட்டி வீசிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள வேற அடிச்சுக் கட்டிட்டாங்க. அதுல எல்லார் முகமும் இருக்குதுங்க. என்ற முகம் மட்டும் இல்லை."

"மறந்துபோச்சினமோ?"

"மாரப்பன்கிட்ட என்ற போட்டோ நூறு இருக்குதுங்க."

துஷ்யந்தி இரண்டு பேனர்களின் படங்களையும் அவன் போனிலிருந்து வாங்கி, பெரிய தாள்களில் அச்செடுத்தாள். அவனைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். யாரும் இல்லை. இரண்டையும் வெள்ளைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் குத்தினாள். பின்னால் நகர்ந்து, வகுப்பில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வழக்கம் தெரியும்தானே. செய்தவர் பேசக் கூடாது."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

முதலில் அவன் செய்ததைப் பார்த்தாள்.

"வடிவாயிருக்கு. ஒரு குறையும் சொல்லேலாது. இந்தச் சுவரில குத்தினா எல்லாரும் கை தட்டுவினம்."

அப்பன் பாடையில் கிடந்த நேரத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த முகத்தைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளியபோது, அவன் நினைப்பில் இருந்தது இந்தச் சுவர்தான். தெருமுக்கு ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை.

அவள் இரண்டாவதற்கு நகர்ந்தாள்.

"இதில எழுத்து ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்குது. ரெண்டு புறா. ஒண்டு தலைகீழாய்ப் பறக்குது. தங்கக் கலரில பேர். கண் கூசுது."

கிட்டே போனாள். விரலை ஒரு முகத்தில் வைத்து, அடுத்த முகத்துக்கு, அதற்கடுத்த முகத்துக்கு என்று மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். பல் விழுந்த பெரியம்மாக்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட மச்சான்கள், எதற்கென்று தெரியாமல் சிரிக்கும் ஒரு கைக்குழந்தை. விரல் கடைசி வரிசைக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.

"இவ்வளவு சனமோ உங்களுக்கு?"

அவன் தலையாட்டினான். தலையாட்டக் கூடாது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு மேல் அவனால் வழக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

"மேடம், எனக்கு அங்கயும் இடமில்லை. இங்க உக்காந்து இனி என்னத்தப் படிக்கறதுன்னும் தெரியலை. பழைய மாதிரி நிரப்பலாம்னு பாத்தா கை வர மாட்டேங்குது. வெள்ளையைப் பாத்தா எங்கம்மா சொன்னதுதான் காதுல கேக்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த வெள்ளை விடறதை நீங்க யார்கிட்டப் படிச்சீங்க?"

துஷ்யந்தி முதல் தாளின் குண்டூசிகளைக் கழற்றினாள். தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். மற்றதைத் தொடவில்லை.

"ஒருத்தரும் படிப்பிக்கேல்லை" என்றாள். "சண்டை முடிஞ்ச பிறகு எங்கட அப்பாவுக்கு ஒரு அஞ்சலி நோட்டீஸ் அடிக்கப் போனனான். போடுறதுக்கு ஒரு படமும் கையில இருக்கேல்லை. கீழ பேர் போட என்னைத் தவிர ஒருத்தரும் மிஞ்சேல்லை. அச்சகக்காரன் அப்பான்ர பேரைச் சின்னனாய் அடிச்சுத் தந்தான். மிச்சமெல்லாம் வெள்ளை."

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இங்க படிக்க வந்த புதுசில அதைக் கொண்டுவந்து இந்தச் சுவரிலதான் குத்தினனான். எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. இவ்வளவு இடம் விட ஆரிட்டப் படிச்சனீங்கள் எண்டு என்ர ஆசிரியரும் கேட்டவர். செய்தவர் பேசக் கூடாதுதானே. நான் பேசேல்லை."