ஷைகு தலையசைத்தார்

கூஃபா நகரின் மேல் ஆற்றுப் பனி இறங்கியிருந்தது. பேரீச்ச மரங்களின் அடிப்பகுதி தெரியவில்லை. உச்சிகள் மட்டும் பனிக்கு மேலே மிதந்தன. எங்கோ ஓர் ஒட்டகம் கத்தியது. தூரத்திலா, பக்கத்திலா, சொல்ல முடியாது.

முதிய ஆசிரியர் ஷைகு வாஸில் வீட்டினுள் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். நபியவர்களின் சொற்களை, இன்னாரிடம் இன்னார் கேட்டார் என்ற பெயர் வரிசையோடு மனத்தில் சுமந்தவர். அந்த வரிசையில் ஒரு பெயர் பிசகினால் போதும். யார்தான் அதை நம்புவார்கள்?

மாணவர் உக்பா எதிரே வந்து அமர்ந்தார். அவர் தாடியும் நரைத்திருந்தது.

"உஸ்தாத், ஒரு சந்தேகம்."

"முகத்தைப் பார்த்தால் ஒன்றோடு நிற்காது போலிருக்கிறதே."

உக்பா சிரிக்கவில்லை.

"ஒருவர் பொய்யே பேசியதில்லை. இப்போது மறதி வந்துவிட்டது. அவர் சொல்வதை ஏற்கலாமா?"

"மறதி என்று எப்படிக் கண்டாய்?"

"ஒரு நபிமொழியை அவரிடம் ஒப்பித்தேன். வேண்டுமென்றே ஒரு பெயரை மாற்றினேன். 'ஆம், அப்படித்தான்' என்று தலையசைத்தார். பிறகு வேறொரு பெயரை வைத்து அதையே சொன்னேன். அதற்கும் தலையசைத்தார்."

"இந்தச் சோதனையை யார் உனக்குக் கற்றுக்கொடுத்தது?"

"நீங்கள்தான்."

"அதில் தவறியவரை என்ன செய்யச் சொன்னேன்?"

"அவரிடம் கேட்டு எழுதாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லச் சொன்னீர்கள்."

"சொன்னாயா?"

உக்பா தரையைப் பார்த்தார்.

கதவிடுக்கு வழியே பனி உள்ளே நுழைந்து கொண்டிருந்தது. ஷைகு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நேற்று என்னிடம் ஒப்பித்தாயே," என்றார் மெதுவாக. "அதுவா?"

"ஆம், உஸ்தாத்."

ஷைகு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருக்கும் தெரியாது," என்றார் உக்பா அவசரமாக. "நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். பிசகினால் நான் திருத்திவிடுகிறேன்."

"அப்படியானால் அது நீ சொன்னது. என் பெயரில் எப்படிப் போகும்?"

வாசலில் சலாம் கேட்டது. மர்வு நகரத்திலிருந்து மலையும் மணலும் கடந்து வந்த பயணிகள். கையில் மைக்கூடு, எழுதுகோல்.

"ஷைகிடம் கேட்டு எழுத வந்திருக்கிறோம்."

உக்பா எழுந்து போய் வாசலை மறித்து நின்றார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஷைகு தூங்குகிறவர் போலக் கண்களை மூடியிருந்தார்.

"அவர் என் ஆசிரியர், உண்மையாளர்," என்றார் உக்பா. "ஆனால் நினைவு கலங்கிவிட்டது. இனி அவரிடம் கேட்டு எழுதாதீர்கள்."

முன்னால் நின்றவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவர் வாயால் படித்துவிட்டு அவர் வாயையே அடைக்கிறீரே! வெட்கமாக இல்லையா உமக்கு?" பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஷைகு அவர்களே, இவர் சொன்னதைக் கேட்டீர்களா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

ஷைகு கண் திறந்தார்.

"இவனிடம் கேட்டு எழுதுங்கள்," என்றார். "இவன் நம்பகமானவன்."