துத்தநாகத்தைக் காப்பாற்றிய ஊர்

காயல் ஓரத்துக் கோணலூர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். வம்பே அதில்தான்.

ஊருக்கு இருந்த ஒரே இரும்புப் படகை ஓட்டியவன் மாசிலாமணி. அக்கரைப் பெண் பூவாயியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். "தை முகூர்த்தம் தவறுச்சோ, பொண்ணை என் தங்கச்சி மகனுக்குக் கட்டிடுவேன்" என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து படகை அவன் கண்ணுக்குள் வைத்துக் காத்தான், பாவம்.

வெளியூர் மேஸ்திரி ஒருவரை வரவழைத்தான். அவர் படகின் அடியில் துத்தநாகப் பாளம் ஒன்றைப் போல்ட் போட்டு மாட்டினார். "தங்கத்தை உப்புத்தண்ணி தொடவே தொடாது. இரும்பை அரிக்கும். துத்தநாகத்தை இன்னும் சீக்கிரமா அரிக்கும். ரெண்டும் ஒட்டி இருந்தா முதல்ல துத்தநாகத்தைத்தான் தின்னும், இரும்பை விட்டுடும். பாளத்தைப் பத்திரமாப் பார்த்துக்குங்க."

மூன்று மாதம் கழித்துப் படகைக் கரையேற்றிப் பார்த்தால் படகு பளபள. பாளத்தில் பாதியைக் காணோம். ஊர் கூடிவிட்டது.

"படகுக்கு ஒரு பொட்டுத் துரு இல்லே. இது எலும்பும் தோலுமாக் கிடக்கு! இதென்ன நியாயம்?" என்று கொதித்தார் தலைவர் கொண்டையப்பர்.

"பத்திரமாப் பார்த்துக்கச் சொன்னாரே மேஸ்திரி!" மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்போ கழட்டுடா!"

கழற்றினார்கள். எண்ணெய் தடவி, பட்டுத்துணியில் சுற்றிக் கோயில் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

தை மாதமும் வந்தது. ஊரே கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பாளத்தை மட்டும் தனியாக விட்டுப்போக யாருக்கு மனசு வரும்? அதையும் படகில் ஏற்றினார்கள். நடுக்காயலில் படகின் அடி பொத்துக்கொண்டது. நெஞ்சளவுத் தண்ணீர்தான், ஆனாலும் "ஐயோ, பாளம்! பாளம்!" என்று ஒரே கூச்சல். மாசிலாமணி அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"இதுக்குத்தான் கழட்டச் சொன்னேன். படகோட இருந்திருந்தா இதுவும் முங்கியிருக்கும்" என்றார் கொண்டையப்பர்.

கரையில் மாமனார், "தாலி எங்கே?" என்றார்.

மாசிலாமணி காயலைத் திரும்பிப் பார்த்தான். "படகுல..."

"தங்கம்தானே! எத்தனை வருஷம் கிடந்தாலும் துருப்பிடிக்காது. நிதானமா எடுத்துக்கலாம்" என்றார் கொண்டையப்பர்.

பூவாயிக்கு வந்ததே கோபம்! "தாலி துருப்பிடிக்காது, சரி. நீங்க எடுத்துட்டு வர்றதுக்குள்ள நான் துருப்பிடிச்சுப் போயிடுவேனே!"

கோணலூர்க்காரர்கள் திகைத்துப்போனார்கள். அட, ஆமாம்!

மேஸ்திரி சொன்னது மாசிலாமணிக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டுத்துணியைப் பிரித்து, பூவாயியின் இடுப்பில் பாளத்தை இறுக்கிக் கட்டினான்.

"இனி பயமில்லே மாமா! அடுத்த தை வரைக்கும் பொண்ணு அப்படியே இருப்பா!"