பழனாத்தாள் போட்ட ஐந்து

டிங், டிங் என்று தகரம் இரும்பு மேசைகளில் மோதும் ஓசை முதலில் வரும். பிறகுதான் ஆள் வருவாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு தகர வில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மேனேஜர் தனசேகர் செய்த ஏற்பாடு.

முன்பு வேலை பார்த்த இடத்தில் பழனாத்தாளுக்கு நாள் முழுக்க நின்றே கால் வீங்கியது. உட்கார ஒரு ஸ்டூலும் சனிக்கிழமை தவறாத சம்பளமும் போதும் என்றுதான் இங்கே சேர்ந்தாள். இரண்டும் கிடைத்தன. ஆனால் அவளுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவியை, அவளிடமே வேலை பழகிய தன் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தான் தனசேகர். இவனைக் கவிழ்க்காமல் விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டாள்.

ஜெர்மனித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது: ‘சேரும்போது எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் வேலையில் எவ்வளவு திருப்தி? ஐந்துக்கு மதிப்பெண் போடுக.’ பெண்களிடம் அதிக மதிப்பெண் வாங்கும் மேனேஜருக்கு ஜெர்மனியில் பதவியாம். பெயர் எழுதி, தனசேகர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

பழனாத்தாள் சோற்று நேரத்தில் எல்லோரையும் ஐந்து போடும்படி பேசிச் சரிக்கட்டினாள், பக்கத்து ஸ்டூல் நசீமாவைத் தவிர. அவள் டிப்ளமோ படித்து, சூப்பர்வைசர் ஆகலாம் என்று வந்தவள்.

“அஞ்சா போடறே? அவன் காலையும் கழுவிக் குடியேன்க்கா!” என்றாள் நசீமா.

“ஏறட்டும் புள்ள. இங்க ஒண்ணு போட்டா நம்ம சீட்டு கிழியும். அங்க ஜெர்மன்காரிக போட்டா அவஞ்சீட்டு கிழியும்.”

நசீமா ஒன்றுதான் போட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. இரண்டு போட்ட அயர்ன் மாஸ்டர்களை, ஆண்கள் என்பதால், யாரும் ஏனென்று கேட்கவில்லை.

தனசேகர் மாலையோடு விமானம் ஏறினான். அங்கேயும் பெண்கள் கழுத்தில் வில்லையை மாட்டினான். மரியாதையை எதிர்பார்த்துச் சேர்ந்திருந்த யானாவும் மற்ற பெண்களும் ஒன்று போட்டார்கள். மூன்றே மாதத்தில் வேலை போய்த் திரும்பினான்.

ஒரே ஆள், ஒரே வில்லை. நசீமா ஒன்று, யானா ஒன்று, பழனாத்தாள் ஐந்து. மூவரில் பொய் மதிப்பெண் போட்டது யார்?

விடை: யாருமில்லை. படிவம் கேட்டது எதிர்பார்ப்பை. பழனாத்தாள் எதிர்பார்த்ததே ஒரு ஸ்டூலும் சம்பளமும்தான். பழி தீர்க்கப் போட்டாலும் அவளுடைய ஐந்து உண்மை.

அவன் வேலை போன சேதி வந்த அன்று பழனாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். சொல்லிச் சிரிக்கத் திரும்பினால் பக்கத்து ஸ்டூல் காலி. வில்லை ஆணியிலேயே தொங்கியது. கத்தரியை எடுத்து, அடுத்த பனியனில் பிசிர் வெட்ட ஆரம்பித்தாள்.