தொட்டிக்கு மூளை வைத்த ஊர்

புளியடிப்பொட்டல்காரர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நேரம்தான் வீணாயிற்று. அந்த ஊரில் யாரும் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. அறிவு ஒட்டாது, மடத்தனம் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

எப்படியோ ஊர்த்தலைவர் நல்லபெருமாளின் மூத்த மகள் பேச்சிக்கனிக்கு வெளியூரில் ஒரு மாப்பிள்ளை அமைந்துவிட்டான். பையனின் அப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார்: "கல்யாணத்தன்னைக்குத் தண்ணி இல்லன்னா வண்டியைத் திருப்பிருவோம்."

நியாயமான பயம். ஊர்த்தொட்டி ஒருநாள் வழியும், மறுநாள் வறளும். மோட்டாரைப் போட்டவர் அணைக்க மறப்பார். அணைத்தவர் போட மறப்பார்.

ஆகவே டவுனிலிருந்து ஜெபசிங் என்ற மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் மோட்டார் ரூமில் ஒரு டப்பாவை மாட்டி, அதிலிருந்து வயர் இழுத்து, அதன் முனையை மேலே தொட்டிக்குள் விட்டார்.

"இதுக்குள்ள நகத்தளவு ஒரு சிப் இருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்க மூளைக்குத் தம்பின்னு வச்சுக்கிடுங்க. அண்ணன் நூறு வேலை பாப்பான், இவனுக்கு ஒரே வேலைதான். வாஷிங் மெஷினு, லிப்டு எல்லாத்துக்குள்ளயும் இப்படி ஒருத்தன் உக்காந்திருக்கான். வயர் முனை காஞ்சா மோட்டாரைப் போடுவான், நனைஞ்சா நிறுத்துவான். நீங்க பேசாம இருந்தா போதும்."

அன்றிலிருந்து ஊரே பேசவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கப் போனவர்கள்கூட வெற்றிலையை நீட்டிவிட்டு, ஊமையாக நின்று திரும்பினார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், தொட்டி மேல் ஏறிப் பார்த்த கொண்டல்சாமிதான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, அந்த முனை ராப்பகலா தண்ணிக்குள்ளயே கெடக்கு. சளி புடிக்காதா?"

"மூளை இருக்கவனுக்குச் சளி புடிக்கத்தான் செய்யும்," என்றார் தலைவர். தனக்கு இதுவரை பிடித்ததே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

முனையை வெளியே எடுத்து, துண்டால் துவட்டி, வெயிலில் காயப்போட்டார்கள். உடனே மோட்டார் ஓடியது. தொட்டி வழிந்து, தெரு நிறைந்து, கல்யாணப் பந்தலுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. ஜெபசிங்குக்குப் போன் போட்டார்கள்.

"முனையைத் தண்ணியில போடுங்க, நின்னுரும்," என்றார் அவர். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. மனிதர்களிடம் பேசுகிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

மறுபடி ஏறச் சோம்பல்பட்டு, வயரைக் கீழே மோட்டார் ரூமுக்கே இழுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டார்கள். மோட்டார் நின்றது. தொட்டியில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிப் பந்தல் சேற்றைக் கழுவினார்கள்.

விடிந்தால் கல்யாணம், தொட்டி காலி. சமையல்காரர் அண்டாவைத் தட்டிக் கத்தினார். மோட்டார் அசையவில்லை. தொட்டி நிறைந்தால் எரியும் பச்சை விளக்கு மட்டும் டப்பாவில் எரிந்தது. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஏறிப் பாத்தேன் அண்ணாச்சி. சொட்டுத் தண்ணி இல்ல," என்றார் கொண்டல்சாமி.

"டப்பா என்ன சொல்லுது?"

"நெறஞ்சிருக்குங்குது."

"மூளை உமக்கு இருக்கா வே, அதுக்கு இருக்கா?"

கொண்டல்சாமி நேர்மையான மனிதர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குத்தான்."

"அப்ப நெறஞ்சிருக்கு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காலி அண்டாவில் அரிசியைக் கொட்டி வேகவைக்கும்படி உத்தரவு போயிற்று. சமையல்காரர் கரண்டியை எறிந்தார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கியதுமே குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஊரெல்லாம் தேடியும் அகப்பட்டது அந்தச் சொம்பு ஒன்றுதான். மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போய், வயரோடு நீட்டினார்கள். பையனின் அப்பா, "வண்டியத் திருப்புலே," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். பேச்சிக்கனி அழத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை தாகத்தில் வயரை ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்தான். முனை காய்ந்தது. மோட்டார் உறுமியது.

"மாப்பிள்ள குடிச்சா மோட்டார் ஓடுது!" என்று ஊரே அவன் காலில் விழுந்தது. இவ்வளவு மரியாதையை வேறெங்கும் காணாத பையனின் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

அதன்பிறகு தொட்டி வழிந்தால் சொம்பை நிரப்பினார்கள். வறண்டால் மாப்பிள்ளையைக் குடிக்கவைத்தார்கள். சொம்பைக் கவிழ்த்தால் போதாதா என்று பேச்சிக்கனி கேட்டதற்கு, "தண்ணியை வீணாக்கவா?" என்று அதட்டினார்கள், தெருவைக் குளமாக்கிய உத்தமர்கள். வீட்டோடு மாப்பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். இவன் மோட்டார் ரூமோடு மாப்பிள்ளை.

கோடை தொடங்கியதும் ஜெபசிங் போன் செய்தார். "டப்பா ஒழுங்கா வேலை பாக்குதா அண்ணாச்சி?"

"அது பாக்குது தம்பி," என்றார் தலைவர். "மாப்பிள்ளைக்குத்தான் வயிறு பத்தல. எளையவளுக்கு வரன் பாக்கோம். நல்ல பெரிய வயித்துப் பையனா இருந்தா சொல்லுங்க."