தகரச் சுவரைச் சுட்டவன்

விடையை முதலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கதை படிக்கிற ஆசாமிகள் பக்கத்தின் அடியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். இது நால்வர் கதை. நால்வரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பேசாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை.

ஒரு தீவில் நான்கு பேர் கூட்டாக இறங்கி, மற்ற அணிகளைச் சுட்டு வீழ்த்திவிட்டுக் கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும். செல்போனில் ஆடும் விளையாட்டு. ஜெபமலர், நஸ்ரின், தினகர், குபேந்திரன் நால்வரும் ஓர் அணி. மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கலாய்த்தபடியே ஆடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்த அரட்டைக்காகவேதான் ஆடினார்கள்.

இதில் ஜெபமலர் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருப்பவள். முன்பு வேறோர் அணியில் ஆடியபோது, கூட ஆடிய ஒருவன் அவள் விடுதியைக் கண்டுபிடித்து வாசலுக்கு எதிரே வந்து நின்றான். தினமும் நின்றான். பயந்துபோய் ஊரையே மாற்றிக்கொண்டாள். அதனால் இந்த மூவரிடமும் முதல் நாளே சத்தியம் வாங்கிவிட்டாள்.

"உங்களுக்கு நான் வெறும் குரல்தான். ஊரு, நம்பர், வீடு எதையும் தேடக் கூடாது. என் குரலை வெளியில யாருக்கும் போட்டுக் காட்டவும் கூடாது."

மூவரும் சம்மதித்தார்கள்.

அவளுடைய இயர்போன் கெட்டுப் போயிருந்ததால் ஸ்பீக்கரில்தான் ஆடுவாள். விளையாட்டில் அவள் ஆளுக்குப் பக்கத்தில் யார் சுட்டாலும் அறை முழுக்க டமால் டுமீல்தான். அடுத்த போர்ஷனில் தனபாக்கியம் என்றொரு அக்கா. ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் தூங்குபவர். சத்தம் கேட்டால் எழுந்து வந்து கதவை இடிப்பார். "ஏண்டி, மனுசி தூங்க வேண்டாமா? அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக் குப்பைல போடு" என்று அவர் திட்டுவது மைக் வழியாக மற்ற மூவருக்கும் கேட்கும். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா அந்தப் பக்கம் போனதும் ஜெபமலர் சத்தத்தை மறுபடி கூட்டிவிடுவாள். லேசுப்பட்டவள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விளையாட்டில் நால்வரும் ஒரு தகரக் கொட்டகைக்குள் பதுங்கியிருந்தார்கள். திடீரென்று ஜெபமலர், "இருங்கப்பா, இழுப்பு வருது. இன்ஹேலரை எங்க வச்சேன்னு..." என்றாள். ஏதோ உருண்டோடும் சத்தம். பிறகு தடாலென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. கீச்சென்று இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடச் சன்னமாகக் கேட்டது. கேட்டவர்கள் கதி என்னவாக இருக்கும்?

தினகர் ஆட்டத்தை விட்டு விலகினான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, ஊர், தெரு, கதவு எண், எத்தனையாவது மாடி என்று மளமளவென்று ஒப்பித்தான்.

நஸ்ரினுக்கு எந்த விவரமும் தெரியாது. அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் குழுவில் ஜெபமலரின் குரல்பதிவைப் போட்டு, "இவ யாருன்னு தெரிஞ்சவங்க உடனே அவ வீட்டுக்குப் போங்க, உயிருக்குப் போராடுறா" என்று கெஞ்சினாள். பதில்கள் வந்து குவிந்தன. அதில் ஒன்று: "இந்தக் குரலை எனக்கு நல்லாத் தெரியும். எந்த ஊர்ல இருக்கா இப்ப?" அந்த விடுதி வாசலில் நின்றவனோ என்று நஸ்ரினுக்கு அப்போதுதான் உறைத்தது. பதிவை அழித்தாள். அதற்குள் அது நாலா பக்கமும் போய்விட்டது.

குபேந்திரன் ஆட்டத்தை விட்டு நகரவில்லை. ஜீப்பைக் கொட்டகை வாசலில் குறுக்கே நிறுத்தினான். அசையாமல் நின்ற ஜெபமலரின் ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்று சுட ஆரம்பித்தான். எதிரே எதிரி யாரும் இல்லை. தகரச் சுவரைச் சுட்டான், கூரையைச் சுட்டான், இருந்த குண்டையெல்லாம் தீர்த்தான். அழுதுகொண்டே சுட்டான்.

கொஞ்ச நேரத்தில் தனபாக்கியம் அக்கா வந்து கதவை இடித்தார். பதில் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர், அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்தார். கட்டிலுக்கடியில் கிடந்த இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்தார். ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தது. ஜெபமலர் பிழைத்துக்கொண்டாள்.

அந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்த எவனோ ஒருவன் அதைப் பதிவு செய்து குழுவில் போட்டான். "கூட்டாளி சாகக் கிடக்கும்போது சுவரைச் சுட்டு விளையாடினவன்" என்று குபேந்திரனை ஊரே காறித் துப்பியது. தினகரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

இப்போது சொல்லுங்கள். மூவரில் யார் செய்தது சரி? ஜெபமலர் இனி யாரை நம்பி மைக்கைத் திறப்பாள்?

விடை: குபேந்திரனை. சத்தியத்தில் ஒரு சொல்லைக்கூட மீறாமல் அவளுக்கு ஆள் அனுப்பியவன் அவன்தான். தீவில் அவன் சுட்டது அவள் அறை ஸ்பீக்கரில் வெடித்து, தூங்கிக்கொண்டிருந்த அக்காவை எழுப்பிவிட்டது. எதிரி அணி உள்ளே புகுந்து அவள் ஆளைக் கொன்றால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்றுதான் வாசலில் ஜீப்பை நிறுத்தினான். "நீ சுட்டது எனக்குக் கேட்டுச்சு. அக்கா வந்துருவாங்கன்னு உயிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்" என்று பிறகு அவனிடம் சொன்னாள். நஸ்ரின் செய்தது பதற்றத்தில் வந்த பிழை. அவள் அழுதாள், இவள் மன்னித்தாள், பயம் மட்டும் போகவில்லை. தினகரின் ஆம்புலன்ஸுக்கு ஜெபமலர் மனசார நன்றி சொன்னாள். அதோடு ஒன்று கேட்டாள்: "கதவு எண் உனக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாத் தெரியும்?" தினகர் மைக்கை மூடிவிட்டான். அந்த வாரமே அவள் வீட்டை மாற்றினாள்.