சென்னியப்பன் பழக்கிய இஞ்சின்

சங்ககிரிப் பட்டறையில் சென்னியப்பன் வாயைத் திறந்தால் லேத்துக்காரர் லேத்தை நிறுத்திவிடுவார், போட்டி போட முடியாது என்று. அன்றைக்கு அந்த வாய்க்கு ஒரு காரியமும் இருந்தது. தங்காயி அம்மாளின் லாரிக்கு இஞ்சின் வேலை முடிந்திருந்தது. போன டிரைவர் புது இஞ்சினை முதல் வாரமே விரட்டோ விரட்டென்று விரட்டி நாசமாக்கியிருந்தான். இந்தத் தடவை மெதுவாக ஓட்டிப் பழக்கும் நிதானமான ஆளுக்குத்தான் சாவி என்று அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். ரொம்ப நாளாக ஸ்டியரிங்கே தொடாத சென்னியப்பனுக்கு அந்தச் சாவி வேண்டும்.

டேங்க்கைக் கழுவக் கழற்றியிருந்ததால், மெக்கானிக் கபூர் பாய் ஒரு கேனைத் தொங்கவிட்டு, டீசல் ஊற்றி இஞ்சினை ஓடவிட்டார். "சென்னி, கேன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். குறைஞ்சா ஊத்து."

"எனக்கேவா பாய்?" என்று கேனுக்கு முதுகைக் காட்டி, சாவியோடு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்து உட்கார்ந்தான். "அம்மா, புது இஞ்சின் பச்சப்புள்ளைங்க, அதட்டவே கூடாது. நான் பழக்குன வண்டிய, சேலம் போறதுக்குள்ள ஒரு ஆமை ரெண்டு தடவ முந்திருச்சு."

"ரெண்டு தடவ எப்படிடா?" என்றார் பாய்.

"நடுவுல டீ குடிக்க நின்னுச்சுங்க. தொப்பூர் மேட்டுல எல்லா வண்டியும் கொதிக்குது, என் ரேடியேட்டர்ல ஐஸ் கட்டிருச்சு. சர்பத் கடைக்காரன் உடைச்சு வாங்கிட்டுப் போனான். ஆயிரம் கிலோமீட்டர்ல ஆயில் மாத்துனா, பழைய ஆயில் அவ்வளவு தெளிவு! டாபாக்காரன் அதுல பூரி சுட்டான். தின்னவனுக்கு இன்னிக்கும் மூட்டுவலி கிடையாது."

பாய் எழப் போனார். அம்மாள் கண்ணாலேயே உட்காரச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்புறம் கண்ணு?"

சென்னியப்பனுக்குச் சாவி கைக்கே வந்துவிட்ட சந்தோஷம்.

"நாக்பூர்ல ஆஃப் பண்றேன், நிக்க மாட்டேங்குது. பாசமுங்க! நான் எறங்கிப் படுத்துட்டேன். அது பாட்டுக்கு டெல்லி போயி, லோடு எறக்கிட்டு, வர்ற வழியில என்னை ஏத்திக்கிச்சு. சத்தம்? மூச்சு விடாது. இதையே பாருங்க, நான் பக்கத்துல உட்கார்ந்த நேரம்... கேக்குதா?"

கேட்கவில்லை. பட்டறையே கப்சிப்.

அம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நீ பூரி சுடுறப்பவே டீசல் தீந்து இஞ்சின் நின்னு போச்சு கண்ணு. டெல்லி வரைக்கும் நீ மட்டுந்தான் போனே."